உடைசல் விற்பனைக்கு இல்லை

"நிலாவுக்கு ராக்கெட் விடுறோம், ஒரு சண்டை விமானத்துக்கு எஞ்சின் செய்ய முடியலையா சார்?"

தேஜஸுக்கு அமெரிக்காவிலிருந்து எஞ்சின் வந்து சேரவில்லை என்று பேப்பரில் வரும்போதெல்லாம் விருத்தாசலத்தில் யாராவது இதை என்னிடம் கேட்டுவிடுவார்கள். டர்பைன் பிளேடு வார்க்கும் ஃபவுண்டரியில் காலம் தள்ளியவன் என்பதால் பதில் என் சட்டைப்பையிலேயே இருக்கும் என்று ஒரு நினைப்பு. கேட்பவர்களில் பாதிப் பேர் செராமிக் தொழிலில் இருப்பவர்கள். பதிலில் ஒரு பங்கு உங்கள் சூளையில்தான் இருக்கிறது என்று சொன்னால் கேலி செய்வதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ராக்கெட்டை முதலில் ஒதுக்கிவிடலாம். அதன் எஞ்சின் நிமிடக் கணக்கில் எரிந்து ஓய்ந்துவிடும், திரும்பி வராது. போர் விமான எஞ்சினில் அதே பிளேடுகள் ஆண்டுக் கணக்கில் சுழல வேண்டும். விமானி திராட்டிலைத் தள்ளும்போதெல்லாம் விநாடிகளில் சூடேற வேண்டும், இழுத்ததும் தணிய வேண்டும். எரிகலனைத் தாண்டி வரும் வாயுவின் சூடு 1,500 டிகிரி செல்சியஸுக்கு மேல். அதன் முன்னால் நிற்கும் முதல் வரிசை டர்பைன் பிளேடு நிக்கல் கலவையால் ஆனது. அந்தக் கலவை 1,300 சொச்சம் டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். போதாததற்கு, நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் சக்கரம், விரல் நீளப் பிளேடு ஒவ்வொன்றையும் டன் கணக்கான விசையோடு வெளியே பிடுங்கிக்கொண்டிருக்கும்.

அது உருகாமல் நிற்பதற்குக் காரணம் இரண்டு. கம்ப்ரஸரிலிருந்து திருப்பிவிடப்பட்ட காற்று, பிளேடின் உள்ளே வளைந்து வளைந்து போகும் பாதைகளில் ஓடி, தோலில் உள்ள நுண்துளைகள் வழியே வெளியேறி, பிளேடைச் சுற்றி ஒரு மெல்லிய போர்வையாகப் படிகிறது. அதற்கும் மேலே ஜிர்கோனியா பூச்சு, கால் மில்லிமீட்டர் அளவுக்கு. பூச்சு செராமிக். உள்ளே காற்றுப்பாதையை உண்டாக்குவதும் செராமிக். பூச்சையாவது பிளேடின் மேல் பார்க்கலாம். பாதையை உண்டாக்கிய செராமிக் எஞ்சினில் எங்கும் இருக்காது. என் பிழைப்பு அந்த இல்லாத பொருளில்தான் ஓடியது. அதற்குத் தொழிலில் கோர் என்று பெயர்.

நான் படித்தது விருத்தாசலம் செராமிக் காலேஜில். அரசாங்கம் நடத்தும் டிப்ளமோ. சுற்றுவட்டாரக் களிமண்ணும், நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடந்து தோண்டியெடுத்த வெள்ளை மண்ணும் இந்த ஊரைச் செராமிக் ஊராக்கின. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சின்னச் சின்ன யூனிட்டுகள். கிட்காட் ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர், அகல் விளக்கு, கொலு பொம்மை. படிப்பு முடிந்ததும் ஃபியூஸ் கட்டை யூனிட் ஒன்றில் சேர்ந்தேன். சீனக்களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் பால் மில்லில் அரைத்து, அச்சில் அழுத்தி, காயவைத்து, கிளேஸில் முக்கி, சாகர் என்ற சூளைப் பெட்டியில் அடுக்கி, 1,250 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். இதெல்லாம் புத்தகத்தில் இருந்தது.

புத்தகத்தில் இல்லாததைச் சூளை மேஸ்திரி வைத்திருந்தார். "ஏத்துறது கரி பாத்துக்கும் தம்பி, எறக்குறதுதான் நம்ம வேலை" என்பார். குவார்ட்ஸ் 573 டிகிரியில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும். சூடேறும்போது விரியும், ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். அந்த இடத்தை அவசரமாகக் கடந்தால் சாமான் விரிசல் விடும். மேஸ்திரிக்கு 573 என்ற எண் தெரியாது. பார்வைத் துளை வழியே பார்த்து, உள்ளே சிவப்பு செத்த பிறகு யாரையும் கதவுப் பக்கம் விடமாட்டார். சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போவது ஏறக்குறைய அந்தச் சூட்டை ஒட்டித்தான். முதலாளி லாரி வந்து நிற்கிறது என்று கத்தினாலும், கதவின் அடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்.

அவரிடம் கற்ற இன்னொன்று உடைசலைப் படிப்பது. எஸ்டேட்டில் எல்லா யூனிட்டுக்குப் பின்னாலும் ஒரு உடைசல் மேடு இருக்கும். சூளை பிரித்ததும் மற்றவர்கள் நல்ல சாமானை எண்ணுவார்கள், இவர் உடைந்ததைப் பொறுக்குவார். விரிசலின் விளிம்பில் கிளேஸ் உருண்டு மழுங்கியிருந்தால், கிளேஸ் உருகுவதற்கு முன்பே விரிசல் விழுந்திருக்கிறது, ஆகவே சூடேற்றியதில் தப்பு. விளிம்பு கத்தியாகக் கையைக் கீறினால், கிளேஸ் உறைந்த பிறகு விழுந்தது, ஆகவே ஆறவைத்ததில் தப்பு. ஒரு துண்டை எடுத்து விரலால் தடவிவிட்டு, "இது ராத்திரி ஷிஃப்ட்டு" என்று சொல்லிவிடுவார். ராத்திரி ஷிஃப்ட்காரருக்கும் அவருக்கும் ஆகாது என்பது வேறு விஷயம். ஆனால் அவர் சொன்னது தப்பியதாக எனக்கு நினைவில்லை.

கிட்காட்டுக்கு மவுசு குறைந்து அதன் இடத்துக்கு எம்சிபி வந்த காலத்தில் ஹைதராபாத் பக்கம் ஒரு ஃபவுண்டரிக்குப் போய்ச் சேர்ந்தேன். செராமிக் டிப்ளமோவுக்கு உலோகம் வார்க்கும் இடத்தில் என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். கோர் ஷாப்பில் நுழைந்த அன்றே விளங்கிவிட்டது. அங்கேயும் பால் மில், அச்சு, சாகர், சூளை.

கோரின் கலவையில் பெரும்பங்கு உருக்கிய சிலிக்கா மாவு, கூடவே ஜிர்கான். மெழுகோடு பிசைந்து, இரும்பு டையில் அழுத்தத்தோடு செலுத்துவார்கள். டையைத் திறந்தால் பிளேடின் குடல் மாதிரி ஒன்று வெளியே வரும். வளைந்த நாளங்கள், நடுவில் சன்னமான தடுப்புகள், வால் பக்கம் அரை மில்லிமீட்டர் மெலிவு. மூச்சு வேகமாகப் பட்டால் ஒடியுமோ என்று பயமாக இருக்கும். அலுமினா பொடியில் புதைத்து மெதுவாகச் சூடேற்றினால் மெழுகு உருகி அந்தப் பொடியில் இறங்கிவிடும். பிறகு 1,200 டிகிரியை ஒட்டிச் சுடுவார்கள். சுட்ட கோரை மறுபடி ஒரு டையில் வைத்து அதைச் சுற்றி மெழுகு ஊற்றினால் பிளேடின் வடிவத்தில் மெழுகு. அந்த மெழுகைச் செராமிக் கூழில் முக்கி, மேலே மணல் தூவி, காயவைத்து, மறுபடி முக்கி, அடுக்கடுக்காக ஓடு கட்டுவது அடுத்த வேலை. நீராவியில் மெழுகை வெளியேற்றினால் ஓட்டுக்கும் கோருக்கும் நடுவே ஒரு வெற்றிடம். உலோகம் அங்கேதான் போகும். மெழுகு போன பிறகு கோர் அசையக் கூடாது என்பதற்காக ஊசி ஊசியாகப் பிளாட்டினம் கம்பி குத்தி நிறுத்துவார்கள்.

கோரிடம் நாம் கேட்பது ஒன்றுக்கொன்று பகையான மூன்று காரியம். 1,500 டிகிரியில் உருகிய நிக்கல் கலவை மணிக்கணக்கில் சுற்றி நிற்கும்போது வளையக் கூடாது. உலோகம் உறைந்து சுருங்கும்போது விறைத்து நின்று அதைக் கிழிக்கக் கூடாது, கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்த பின், அழுத்தக் கலனில் சுடு காஸ்டிக் சோடா கரைசலுக்குள் போட்டால் உலோகத்தைத் தொடாமல் தான் மட்டும் கரைந்து போக வேண்டும். கொழுக்கட்டையின் மேல்மாவு கீறாமல் உள்ளே இருக்கும் பூரணத்தை மட்டும் உறிஞ்சியெடுப்பது மாதிரி. பிளேடின் சுவர் சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. கோர் தலைமுடி கனத்துக்கு நகர்ந்தாலே ஒரு பக்கச் சுவர் மெலிந்துவிடும். மெலிந்த பக்கம் எஞ்சினில் முதலில் எரியும்.

விருத்தாசலத்துப் பாடம் எனக்கு உதவியது இங்கேதான். உருக்கிய சிலிக்காவைச் சுடும்போது அதில் ஒரு பகுதி கிரிஸ்டோபலைட் என்ற படிகமாக மாறும். அது கொஞ்சம் இருந்தால்தான் கோர் சூட்டில் தொய்யாது. கூடினால், ஆறும்போது 250 டிகிரியை ஒட்டி குவார்ட்ஸைவிட மோசமாகச் சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை விட்டுவிடும். எவ்வளவு படிகம், எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் இறக்குவது என்ற கணக்குக்கு வாய்ப்பாடு கிடையாது. மாவின் மணி அளவு மாறினால் கணக்கு மாறும், சப்ளையர் மாறினாலும் மாறும். மழைக்காலத்தில் மெழுகு வேறு மாதிரி நடந்துகொள்ளும். சிவப்பு சாகும்வரை காத்திருக்கத் தெரிந்தவனுக்கு, சிவப்பே இல்லாத சூட்டிலும் காத்திருக்க வேண்டும் என்பது சீக்கிரம் பிடிபட்டது.

நான் சேர்ந்த காலத்தில் எளிய கோர்களை மட்டும் நாங்கள் செய்தோம். சிக்கலானவை ஐரோப்பாவிலிருந்து பெட்டியில் வரும். கூடவே ஒரு சான்றிதழ்: அளவு, அடர்த்தி, நுண்துளை அளவு. கலவை என்ற இடத்தில் கம்பெனி ரகசியம் என்று இருக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சமையல்காரன் கைப்பக்குவத்தைச் சீட்டில் எழுதித் தரமாட்டான். அடுத்த தலைமுறை வடிவத்துக்கு ஆர்டர் கொடுத்தபோதுதான் சங்கதி வேறானது. எந்த எஞ்சினுக்கு, எந்த விமானத்துக்கு, யார் உபயோகிப்பார் என்று படிவம் வந்தது. நிரப்பி அனுப்பினோம். மறுபடி படிவம். மாதங்கள் கழித்து, ஏற்றுமதி உரிமம் கிடைக்கவில்லை என்று இரண்டு வரிக் கடிதம்.

அதற்குப் பிறகு வேறொரு கம்பெனியோடு தொழில்நுட்ப உதவி ஒப்பந்தம் போட்டார்கள். வரைபடம் வந்தது, செய்முறை நூல் வந்தது, சூளையின் சூட்டு வரைகோடு வந்தது. ஆள்கூட வந்தார், நல்ல மனிதர், காரம் போட்ட சாப்பாட்டை விரும்பிச் சாப்பிட்டார். "இந்த இடத்தில் ஏன் இத்தனை மணி நேரம் நிறுத்தச் சொல்கிறீர்கள், ஒரு மணி குறைத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டால், "எங்கள் நடைமுறை அது" என்பார். ஒளிக்கிறாரா, அவருக்கே தெரியாதா என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் குறைத்துப் பார்த்திருப்பார்கள், கெட்டுப்போயிருக்கும், எங்கேயோ ஒரு நோட்டில் அது பதிவாகியிருக்கும். நோட்டு ஒப்பந்தத்தில் இல்லை. அவர்கள் ஊரிலும் ஒரு உடைசல் மேடு இருந்திருக்கும், அதுவும் ஒப்பந்தத்தில் இல்லை.

எஞ்சின் விற்பவர்கள் தொழில்நுட்பம் தருவதைச் சதவீதத்தில் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். 2023 ஜூனில் அமெரிக்காவின் ஜிஇ நிறுவனமும் நம் அரசின் எச்ஏஎல் நிறுவனமும் எஃப்414 எஞ்சினை இந்தியாவில் செய்யப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டபோது 80 சதவீதம் என்று பேச்சு வந்தது. சுகோய்-30 விமானங்களுக்காக 240 ஏஎல்-31எஃப்பி எஞ்சின்களை கோராபுட் ஆலையில் செய்ய 2024 செப்டம்பரில் சுமார் 26,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமானது, உள்நாட்டுப் பங்கு 63 சதவீதம் வரை உயரும் என்றார்கள். நல்லதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் கணக்கு பொருளின் மதிப்பில் போடுவது. எஞ்சினில் போய் உட்காரும் உறுப்புகளுக்கு விலை போட்டுக் கூட்டிக் கழிப்பார்கள். காஸ்டிக் சோடாவில் கரைந்துபோன கோர் எந்த உறுப்புப் பட்டியலில் வரும்? 80-இலும் வராது, மீதி 20-இலும் வராது.

எஞ்சினுக்காக அடுத்தவரை எதிர்பார்த்து நின்ற கதை நமக்குப் பழையது. ஜெர்மானியர் குர்ட் டாங்க் பெங்களூரில் வடிவமைத்த எச்எஃப்-24 மாருத் போர் விமானம் 1961 ஜூன் 17 அன்று பறந்தது. அதற்காக எதிர்பார்த்த, பிரிட்டனின் ஆர்ஃபியஸ் 12 எஞ்சினை உருவாக்கி முடிக்கும் செலவை ஏற்க இந்தியா முன்வரவில்லை. வலுக்குறைந்த ஆர்ஃபியஸ் 703-ஐ வைத்தே கடைசிவரை ஓட்டினார்கள். ஒலியைத் தாண்டப் பிறந்த விமானம் நேர்ப்பறப்பில் ஒலியைத் தாண்டவே இல்லை. அன்று மிச்சம் பிடித்த பணத்தை அதற்குப் பிறகு எத்தனை மடங்காகக் கட்டியிருக்கிறோம் என்று யாராவது கணக்குப் போட்டால் தேவலை.

பிறகு, தேஜஸுக்கென்று நாமே செய்யத் தொடங்கிய காவேரி எஞ்சின். 1989-இல் 382.81 கோடி ரூபாய் ஒதுக்கி, பெங்களூர் ஜிடிஆர்இ ஆய்வகத்திடம் கொடுத்தார்கள். நம் ஆற்றின் பெயர், நமக்கும் கொஞ்சம் பெருமை. தேஜஸ் 2001 ஜனவரி 4 அன்று முதலில் பறந்தபோது அதில் இருந்தது ஜிஇ எஃப்404. நடுவில் 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை போட்டு, அந்த எஞ்சின் வரத்தும் திணறியது. காவேரி 2010-இல் ரஷ்யாவில் ஐஎல்-76 விமானத்தில் பொருத்தப்பட்டுப் பறந்தது. ஆனால் அதற்கு முன்பே, 2008-இல், தேஜஸ் திட்டத்திலிருந்து அதைப் பிரித்துவிட்டார்கள். எதிர்பார்த்த 81 கிலோநியூட்டன் உந்துவிசை வரவில்லை, எடையும் கூடிவிட்டது. இரண்டாயிரம் கோடிக்கு மேல் செலவழித்தும் தோற்றது என்று டிவியில் சொல்கிறார்கள். இதே வேலையில் மற்ற நாட்டுக் கம்பெனிகள் இறக்கிய பணத்தோடு ஒப்பிட்டால் அது சில்லறை. சீனாகூட ஜே-10 விமானத்துக்கு ரஷ்ய எஞ்சினை வாங்கித்தான் பல காலம் ஓட்டியது. அதே நேரம் தன் டபிள்யூஎஸ்-10 எஞ்சினைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டும் இருந்தது.

சமீபத்திய கதையில் எனக்குச் சுவாரசியமாகப்பட்டது வேறு. தேஜஸ் மார்க் 1ஏ விமானங்களுக்காக 2021-இல் 99 எஃப்404 எஞ்சின்களுக்கு ஆர்டர் கொடுத்தோம். முதல் எஞ்சின் கைக்கு வந்தது 2025 மார்ச்சில். விமானம் தயார், எஞ்சின் இல்லை என்று நாடே கொதித்தது. ஜிஇ சொன்ன காரணம் இது: முன்பு கேட்ட 65 எஞ்சின்களை 2016-க்குள் கொடுத்துவிட்டோம், அடுத்து ஆர்டர் இல்லாததால் அந்த உற்பத்தி வரிசையை மூடினோம், ஐந்து வருடம் தூங்கிய வரிசையை மறுபடி எழுப்ப வேண்டியிருந்தது. உலகத்துக்கே எஞ்சின் விற்கும் கம்பெனி, தானே வடிவமைத்த எஞ்சின், வரைபடம் எல்லாம் அலமாரியில் பத்திரம். அப்படியும் வருடங்கள் பிடித்தன. ஆட்கள் கலைந்திருப்பார்கள், உறுப்பு கொடுத்த சின்னச் சின்ன சப்ளையர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். எஸ்டேட்டில் மூடிக்கிடந்த யூனிட்டைத் திறந்து பார்த்த எவருக்கும் இது புரியும். சூளை அப்படியே இருக்கும், அதை ஓட்டியவர் இருக்கமாட்டார்.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று அழுவதும் தப்பு. ஹைதராபாத்தில் இருக்கும் டிஎம்ஆர்எல் என்ற பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் 2021 ஏப்ரலில் 60 ஒற்றைப் படிகப் பிளேடுகளை எச்ஏஎல் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஹெலிகாப்டர் எஞ்சினுக்கானவை, 300 பிளேடுகள் செய்யும் திட்டத்தின் முதல் பங்கு. சாதாரண வார்ப்பில் உலோகம் ஆயிரம் படிக மணிகளாக உறையும், மணிக்கும் மணிக்கும் நடுவே உள்ள எல்லைகளில்தான் சூட்டில் முதலில் விட்டுக்கொடுக்கும். ஒற்றைப் படிகத்தில் எல்லையே கிடையாது. வெற்றிட உலையிலிருந்து அச்சை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் என்று கீழே இறக்குவார்கள், அடியில் ஒரு சுருள் பாதை வழியே ஒரே ஒரு படிகம் மட்டும் மேலேறி முழுப் பிளேடையும் எடுத்துக்கொள்ளும். பத்திரிகைகள் உலோகத்தைப் பற்றி எழுதின. அறிக்கையில் நான் தேடிப் படித்த வரி ஒன்று உண்டு: உருகிய சிஎம்எஸ்எக்ஸ்-4 நிக்கல் கலவையை 1,500 டிகிரிக்கு மேல் தாங்கி நிற்கும் அச்சுக்காகத் தனிச் செராமிக் கலவையை அவர்களே உருவாக்கினார்கள். அதைச் செய்தவர்களின் உடைசல் மேட்டைப் பார்க்க எனக்கு ஆசை.

கச்சாப்பொருள் பற்றியும் சொல்ல வேண்டும். ஓட்டிலும் கோரிலும் போகும் ஜிர்கான் நம் கடற்கரை மணலில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் அரசு நிறுவனமான ஐஆர்இஎல் பிரித்தெடுக்கிறது. ஜிர்கோனியா பூச்சுக்கு ஏழெட்டு சதவீதம் இட்ரியா சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் 1,170 டிகிரியை ஒட்டி ஜிர்கோனியாவும் குவார்ட்ஸ் மாதிரியே வடிவம் மாறி, பூச்சு உதிர்ந்துவிடும். இட்ரியாவைத் தரும் இட்ரியத்தை 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. எஞ்சினுக்கு அமெரிக்கா, பூச்சில் சேரும் ஒரு சிட்டிகை மண்ணுக்குச் சீனா. அமெரிக்காக்காரனும் அந்தச் சிட்டிகைக்குச் சீனாவைத்தான் பார்க்கிறான் என்பதில் நமக்கு ஒரு அற்ப ஆறுதல்.

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி என ஐந்து முனைகள். தேஜஸ் படைப்பிரிவுகளைச் சூலூரில் நிறுத்தியிருந்தார்கள். சேலத்துக்கும் திருச்சிக்கும் ரயில் பிரியும் ஜங்ஷனான விருத்தாசலம் அந்த வரைபடத்தில் கிடையாது. கோரிக்கை மனு எழுதும் வயது எனக்குத் தாண்டிவிட்டது. ஆனால் இங்கே கோர் செய்யப் பழகலாமா என்று கணக்கு தெரிந்தவர்கள் யோசிக்கலாம். செராமிக்கை மட்டுமே சொல்லிக்கொடுக்க ஒரு காலேஜ் இங்கே இருக்கிறது, சூளையோடு வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். நல்ல சூளை ஒன்று, சூட்டில் விரிவதை அளக்கும் டைலடோமீட்டர் ஒன்று, எக்ஸ்ரே ஒன்று, கெட்டுப்போவதற்கென்று எழுதிவைத்த ஒரு பட்ஜெட். நான்காவதுதான் நம் ஆபீஸ்களில் பாஸ் ஆகாது. தணிக்கைக்காரர் வந்து, வாங்கிய மாவு இத்தனை கிலோ, தேறிய கோர் இத்தனை, மீதி எங்கே என்று கேட்பார்.

போன வருஷம் காலேஜ் மாணவர்களிடம் பேச ஒரு நண்பர் கூப்பிட்டார். கரைக்காமல் வைத்திருந்த ஒரு பழைய கோரைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையிலிருந்து கைக்கு மாறியது. வாங்கிய பையன்களில் ஒருவன் அதை வெளிச்சத்தில் திருப்பி, வால் பக்கம் ஒடிந்திருந்த இடத்தில் விரலை வைத்து, "இது ஆறும்போது உட்டது சார்" என்றான். எப்படித் தெரியும் என்றேன். அப்பா எஸ்டேட்டில் சூளை பார்க்கிறாராம்.

முடிந்ததும் அவனே பின்னால் வந்தான். இந்த வேலைக்குச் சேர்ந்தால் ஆரம்பச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மோர்பில டைல்ஸ் கம்பெனிக்காரங்க இதவிடக் கூடத் தர்றாங்க சார், ரூமும் குடுக்குறாங்க" என்றான். அடுத்த மாதம் சீனியர்கள் இரண்டு பேரோடு குஜராத்துக்கு டிக்கெட் போட்டிருப்பதாகவும் சொன்னான்.